ஆயில் மூடியில் வெண்ணெய்: டர்போ வண்டியில் ஈரம் எங்கிருந்து வருகிறது, கேட்ச் கேன் எதற்கு உதவும்

கேட்கப்பட்ட கேள்வி இது. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி ஏற்றும் டர்போ டீசல் பிக்கப். மார்கழி பிறந்ததிலிருந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அதன் அடியில் வெண்ணெய் மாதிரி ஒரு படிவு. ஒரு பட்டறையில் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்றார்களாம். இன்னொரு மெக்கானிக் கேட்ச் கேன் (இன்ஜினிலிருந்து வெளியேறும் ஆவியில் உள்ள ஆயிலையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும் டப்பா) மாட்டினால் போதும் என்றாராம். அண்ணனுடைய பத்துச் சக்கர லாரியும் அதே வாசலில்தான் நிற்கிறது, சேலம், கோவை என்று ஓடுகிறது, அதன் மூடி சுத்தமாக இருக்கிறது. கேட்ச் கேன் மாட்டலாமா, மாட்டினால் எது நல்லது?

தம்பி, ஹெட்டை இப்போதைக்கு இறக்க விடாதீர்கள். கேட்ச் கேனுக்கும் உடனே பணம் கொடுக்காதீர்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது: விடியற்காலையில் தோட்டத்திலிருந்து மண்டிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர், அங்கே இன்ஜினை அணைத்து ஏலம் முடியும் வரை நிறுத்தம், பிறகு வெறும் வண்டியாக வீடு. இன்ஜின் ஒரு நாளும் முழுச் சூடு ஏறுவதில்லை.

டீசலில் ஹைட்ரஜன் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எரிந்தால் தண்ணீர் உண்டாகும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர், ஆவியாக வெளிவருகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். பனிக்காலக் காலையில் சைலன்சர் நுனியில் சொட்டுவது அந்தத் தண்ணீர்தான். ஆனால் எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள், அதாவது இன்ஜினின் அடிப்பெட்டிக்குள், இறங்கும். இதைத்தான் பட்டறையில் புளோ-பை என்கிறோம். புத்தம் புது இன்ஜினிலும் இது உண்டு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வண்டியில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுதல் என்பதால் ஏற்றத்தில் லோடோடு இழுக்கும்போது இன்னும் கொஞ்சம் கூடும். இப்படி இறங்கும் வாயு புகை, டீசல் ஆவி, நீராவி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, ஆயில் துளிகளையும் தூக்கிக்கொண்டு, பிரீதர் குழாய் (இன்ஜின் மூச்சு விடும் குழாய்) வழியே வெளியேறப் பார்க்கிறது.

சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) ஆயில் 90, 100 டிகிரி சூட்டில் இருந்தால் அதில் சேர்ந்த தண்ணீர் மறுபடி ஆவியாகி பிரீதர் வழியே போய்விடும். ஆயில் 50, 60 டிகிரியிலேயே நின்றுவிட்டால் போகாது. உள்ளே எந்த இடம் அதிகம் குளிர்ந்திருக்கிறதோ அங்கே போய் ஒட்டி ஆயிலோடு கலந்து வெளுக்கும். இன்ஜினில் காற்று நேராகப் படும் குளிர்ந்த இடங்கள் ஆயில் மூடி, டேப்பெட் கவர், பிரீதர் ஹோஸ். அதனால்தான் படிவு அங்கே தெரிகிறது. டேஷ்போர்டில் உள்ள முள் கூலன்டின், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவத்தின், சூட்டைக் காட்டுகிறது, ஆயிலின் சூட்டைக் காட்டுவதில்லை. கூலன்ட் சீக்கிரம் சூடேறிவிடும், ஆயில் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் ஏறும். முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதற்காக ஆயிலும் சூடாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது.

அண்ணனுடைய லாரி தொப்பூரைத் தாண்டி சேலம் போவதற்குள் ஆயில் நன்றாகக் காய்ந்துவிடுகிறது. இரவு வாசலில் நிற்கும்போது சேர்ந்த ஈரம் அதிலேயே போய்விடும். இரண்டு வண்டியும் ஒரே பனியில் நின்றாலும் ஒன்றில் படிவு, ஒன்றில் இல்லை என்பதற்கு இதுதான் காரணம்.

நம் பக்கத்துக்கென்று ஒரு தன்மை இருக்கிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைப் பக்கம் மார்கழி, தை விடியலில் அடிக்கும் குளிர் சேலத்துக்காரர்களுக்குத் தெரியாது. காய்கறி, பூ, பால் ஏற்றும் வண்டிகள் எல்லாம் சரியாக அந்த நேரத்தில்தான் குறுகிய தூரம் ஓடுகின்றன. அதே போலத்தான் பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொண்டுபோய் வரிசையில் நிற்கும் வண்டிகளும். நாலடி நகர்ந்து நிற்கும், இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டே இருக்கும். ஐடிலில் டீசல் இன்ஜின் சூடாகும் என்று பலரும் நம்புகிறார்கள். லோடு இல்லாத டீசல் இன்ஜின் மிகக் கொஞ்சம் டீசலைத்தான் எரிக்கிறது, அந்தச் சூடு ஆயிலைக் காய்ச்சப் போதாது. காலையில் ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் நிற்க வைப்பதைவிட, ஆயில் பிரஷர் வந்ததும் ஒரு நிமிடம் விட்டு, ஆக்ஸிலேட்டரை அழுத்தாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போவது எவ்வளவோ மேல்.

இனி தெர்மோஸ்டாட். இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். கோடையில் லோடோடு ஏற்றம் ஏறும்போது சூடு ஏறுகிறது என்று வண்டி பட்டறைக்கு வரும். ரேடியேட்டரில் உப்பு அடைத்திருக்கும், அல்லது ஃபேன் கிளட்ச் வேலை செய்யாது, அல்லது வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கும். அதைத் தேடிச் சரிசெய்ய நேரமில்லாமல் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, ‘இனி சூடே ஆகாது’ என்று அனுப்பிவிடுவார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இப்படி தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடும் வண்டிகள் எத்தனையோ. தெர்மோஸ்டாட்டின் வேலை, கூலன்ட் சுமார் 80 டிகிரி தொடும் வரை அதை ரேடியேட்டருக்குப் போக விடாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்ற வைப்பது. அது இல்லாவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே கூலன்ட் ரேடியேட்டருக்குள் போய்க் குளிர்ந்து வரும். மார்கழிக் குளிரில் அந்த இன்ஜின் மண்டிக்குப் போய்ச் சேரும் வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும் அமைப்பு உண்டு. அதில் கழற்றிவிட்டால் ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி, கோடையில் சூடு இன்னும் மோசமாகும்.

உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்து ஓட்டும்போது அவ்வப்போது நிறுத்தி ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால், ஒன்று வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கிறது. அண்ணன் லாரிக்கு வேறு சோதனை: தொப்பூர் இறக்கத்தில் சேலம் பக்கம் கியரில் இறங்கும்போது டெம்பரேச்சர் முள் கீழே போய்ப் படுத்துவிட்டால் அதே கதைதான். கியரில் என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். டீசல் மிச்சமாகும் என்று அந்த இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரேக் காய்ந்து பிடிக்காமல் போய் அங்கே நடந்த விபத்துகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சரி, ஹெட் கேஸ்கட் இல்லை என்று எப்படி உறுதி செய்வது? வண்டி நன்றாக ஆறியபின், ஒரு வாரம் தினமும் அதே நேரத்தில் கூலன்ட் மட்டத்தையும் டிப்ஸ்டிக்கையும் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) பார்த்துக் குறித்து வையுங்கள். கூலன்ட் குறையவில்லை, ஆயில் மட்டம் ஏறவில்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாகவே இருக்கிறது, மூடியில் மட்டும் வெளுப்பு என்றால் அது ஈரப் படிவு. டிப்ஸ்டிக்கிலேயே காபி நிறம் வந்துவிட்டாலோ, கூலன்ட் குறைந்துகொண்டே வந்தாலோ, ஸ்டார்ட் செய்தவுடன் ரேடியேட்டரில் குமிழி கிளம்பினாலோ அது கசிவு. சந்தேகம் தீரவில்லை என்றால் டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு ஆயிலை, நன்றாகக் காய்ந்த இரும்புத் தட்டில் விட்டுப் பாருங்கள். தண்ணீர் கலந்திருந்தால் பொரிந்து சத்தம் போடும். சுத்த ஆயில் அமைதியாகப் பரவிப் புகையும். ஆயில் பரிசோதனைக் கூடங்களிலும் முதலில் செய்து பார்க்கும் சோதனை இதுவே. கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள்.

கசிவு என்று தெரிந்தாலும் உடனே ஹெட் கேஸ்கட் மேல் பழி போடக் கூடாது. கூலன்டை வைத்து ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகியிருக்கலாம். அதற்கு ஓர் அடையாளம் உண்டு. இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலன்டின் அழுத்தத்தைவிட அதிகம், அதனால் ஆயில் ரேடியேட்டருக்குள் போகும். இன்ஜினை அணைத்தவுடன் ஆயில் அழுத்தம் விழுந்துவிடும், ரேடியேட்டரில் மட்டும் அழுத்தம் நிற்கும், அப்போது கூலன்ட் ஆயிலுக்குள் வரும். ஆகவே ரேடியேட்டரில் எண்ணெய், சம்ப்பில் தண்ணீர் இரண்டும் தெரிந்தால் முதலில் ஆயில் கூலரைக் கழற்றி அழுத்தம் வைத்துச் சோதிக்க வேண்டும். ஹெட்டை இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு. ஈ.ஜி.ஆர். கூலர் (எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் முன் குளிர்விப்பது) உள்ள வண்டியில் அது கசிந்தாலும் கூலன்ட் காணாமல் போகும், ஆனால் அது காற்றுப் பாதை வழியாகவோ சைலன்சர் வழியாகவோ போவதால் ஆயிலில் தெரியாமலும் இருக்கலாம்.

பெரிய லாரி இன்ஜின்களில் வெட் லைனர் உண்டு, பிஸ்டன் ஏறி இறங்கும் தனிக் குழாய் அது. லைனரின் வெளிப்புறத்தை கூலன்ட் நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும், கீழே ஓ-ரிங் தண்ணீரைத் தடுத்து நிற்கும். பிஸ்டன் அடிக்கும் அதிர்வில் லைனர் துடிக்க, அதன் வெளிச்சுவரில் நுண் குமிழிகள் உண்டாகி உடைந்து உலோகத்தைக் குடையும். கூலன்டில் உள்ள மருந்து லைனர் மேல் ஒரு மெல்லிய படலம் போட்டு இதைத் தடுக்கிறது. நம் ஊரில் என்ன செய்கிறோம்? கூலன்டுக்குப் பதில் போர்த் தண்ணீரை ஊற்றுகிறோம். இந்த இரண்டு மாவட்டத்துத் தண்ணீரின் லட்சணம் ஊரறிந்தது. ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃபுளோரைடோடு உப்பும் சுண்ணாம்பும் அந்தத் தண்ணீரில் உண்டு, அது உள்ளே ஓடு கட்டும். ஓடு கட்டினால் சூடு ஏறும், சூடு ஏறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவார்கள், கழற்றினால் மார்கழியில் ஈரம் தேங்கும். முதலில் ஊற்றிய தண்ணீரிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. வண்டித் தயாரிப்பாளர் சொன்ன கூலன்டை, கலக்க வேண்டிய வகையாக இருந்தால் டிஸ்டில்ட் வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். ஒரு ஹெட் வேலைக்கு ஆகும் செலவை நினைத்தால் இது மிகச் சிறிய தொகை.

ஈரத்தால் என்ன கெடும்? வெளுத்த படிவைத் துணியால் துடைத்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் அதே ஈரம் இருக்கிறது. எரிந்த வாயுவில் உள்ள அமிலத் தன்மை தண்ணீரோடு சேர்ந்து பேரிங்கை அரிக்கும். ஆயிலில் அமிலத்தை முறிக்கும் மருந்து தீரத் தீர அரிப்பு கூடும். கரியும் தண்ணீரும் சேர்ந்து கசடாகி ஃபில்டர் தாளை அடைக்கும். டர்போ தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல்கூட சுற்றுவது, அது மிதப்பதே ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான். அந்தப் படலத்தில் தண்ணீர் இருந்தால் இன்ஜினுக்கு முன்னால் டர்போ சாகும். அதனால் குறுந்தூர வண்டிக்கு ஆயிலை கிலோமீட்டர் கணக்கில் மட்டும் மாற்றினால் போதாது, மாதக் கணக்கும் வேண்டும். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருக்கிறது, ஆயில் இன்னும் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இந்த வகை வண்டிக்குத் தலைகீழான கணக்கு.

இப்போது பிரீதருக்கு வருவோம். கேட்ச் கேன் மாட்டுவது இந்தக் குழாயின் நடுவில்தான், அதனால் இதைப் புரிந்துகொள்ளாமல் அதை மாட்டக் கூடாது. பழைய லாரிகளில் பிரீதர் குழாய் கீழே தரையைப் பார்த்துத் தொங்கும், புகையும் ஆயிலும் சாலையில் சொட்டும். பிறகு வந்தவற்றில் அதை ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே இணைத்து, இன்ஜினே அந்த ஆவியைத் திரும்ப உறிஞ்சி எரிக்கும்படி செய்தார்கள். சுற்றுச்சூழலுக்கு நல்லது. ஆனால் ஆவியோடு வரும் ஆயில் துளிகள் டர்போவின் கம்ப்ரஸர் சக்கரத்தில் படும், இன்டர்கூலரில் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) தேங்கும், இன்டேக் மேனிஃபோல்டில் ஈ.ஜி.ஆர். கரியோடு சேர்ந்து தார் மாதிரி ஒட்டும்.

அந்தக் குழாய் அடைத்தால் வரும் கேடு இன்னும் பெரிது. வாயு வெளியேற வழியில்லாமல் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறும். கிராங்க் ஆயில் சீல் கசியும், டிப்ஸ்டிக் தானாக மேலே கிளம்பும். டர்போவிலிருந்து ஆயில் தன் எடையால்தான் வழிந்து சம்ப்புக்கு இறங்குகிறது. சம்ப்பில் அழுத்தம் இருந்தால் அது இறங்க முடியாமல் டர்போவிலேயே தேங்கி, சீலைத் தாண்டி கம்ப்ரஸர் பக்கமும் சைலன்சர் பக்கமும் போகும். நீலப் புகை வரும். ‘டர்போ போச்சு’ என்று புது டர்போ போடுவார்கள், அதுவும் அடுத்த சில வாரங்களில் ஆயில் துப்பும். பனிக்காலத்தில் பிரீதர் ஹோஸ் தாழ்ந்து வளையும் இடத்தில் தண்ணீரும் வெளுத்த படிவும் சேர்ந்து வழியைச் சுருக்குவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். டர்போ விலை கேட்கும் முன் அந்த ஹோஸைக் கழற்றி ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏர் ஃபில்டரும் இதில் பங்காளி. கிரானைட் குவாரிப் பாதையில் ஓடும் வண்டிகளில் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துவிடும். அடைத்தால் டர்போவுக்கு முன்னால் உறிஞ்சும் இழுப்பு கூடும். பிரீதர் அங்கே இணைந்திருப்பதால் ஆயில் ஆவி அதிகமாக இழுக்கப்படும். இன்டர்கூலரில் ஆயில் தேங்கியிருக்கிறது என்று வரும் வண்டியில் நான் முதலில் திறப்பது ஏர் ஃபில்டர் பெட்டியை.

புளோ-பை அதிகம், ரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்று முடிவு கட்டும் முன் இன்னொன்றும் உண்டு. லாரியில் பிரேக்குக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸர் இன்ஜின் ஆயிலில்தான் ஓடுகிறது, அந்த ஆயில் திரும்ப சம்ப்புக்கே வருகிறது. கம்ப்ரஸர் ரிங் தேய்ந்தால் அது அடிக்கும் காற்றில் ஒரு பங்கு அந்த வழியாக சம்ப்புக்குள் இறங்கும். பிரீதரில் புகை பொங்குவதைப் பார்த்தால் இன்ஜின் ரிங் போனது போலவே இருக்கும். தேய்ந்த டர்போவிலிருந்து சைலன்சர் வாயு ஆயில் குழாய் வழியே இறங்கினாலும் அதே தோற்றம்தான். சின்ன வண்டிகளில் பிரேக்குக்கான வேக்வம் பம்ப் இதே வேலையைச் செய்யும். ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். முழு ஓவரால் வேலைக்குப் போன சில லாரிகளுக்குக் கம்ப்ரஸர் கிட் மட்டுமே போதுமானதாக இருந்திருக்கிறது.

கேட்ச் கேன் என்பது பிரீதர் ஹோஸின் நடுவில் மாட்டும் ஒரு டப்பா. ஆவி உள்ளே வரும்போது வேகம் குறைந்து, தடுப்புத் தகட்டிலும் கம்பி வலையிலும் மோதிக் குளிரும். ஆயிலும் தண்ணீரும் துளியாகிக் கீழே தங்கும், மீதி வாயு மேல் வழியாக டர்போவுக்குப் போகும். டப்பாவின் வேலை அவ்வளவுதான். டர்போவும் இன்டர்கூலரும் சுத்தமாக இருக்க அது உதவும். சம்ப்பில் ஈரம் சேருவதை அது நிறுத்தாது. உங்கள் மெக்கானிக் போதும் என்று சொன்னாலும் மூடியில் உள்ள படிவு கேட்ச் கேனால் மறையாது, ஏனென்றால் மூடி இருப்பது டப்பாவுக்கு முன்னால், இன்ஜின் பக்கத்தில்.

அமெரிக்க வீடியோக்களில் எல்லா பிக்கப்பிலும் இதை மாட்டுகிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். அங்கே பெரும்பாலும் பெட்ரோல் டர்போ இன்ஜின்கள். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜினில் இன்டேக் வால்வின் முதுகில் பெட்ரோல் பட்டுக் கழுவும் வழியில்லை, பிரீதர் ஆயில் அங்கே கரியாக ஒட்டும். ஃபோர்டு எஃப்-150 வண்டியின் 3.5 லிட்டர் டர்போ இன்ஜினில், ஈரக்காற்றுள்ள நாட்களில் இன்டர்கூலருக்குள் தண்ணீர் தேங்கி, திடீரென்று வேகமெடுக்கும்போது அது இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டுத் தடுமாறியதாகப் புகார்கள் எழுந்தன. அந்தத் தண்ணீர் பெரும்பாலும் வெளிக்காற்றின் ஈரம், அழுத்திக் குளிர்விக்கும்போது படிவது. டீசல் வண்டிக்கு அந்தக் கதையை அப்படியே பொருத்த முடியாது. தீப்பொறியை நம்பாத டீசல் இன்ஜின் கொஞ்சம் ஈரத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

மாட்டுவதானால் எப்படிப்பட்டதை வாங்குவது? கடையில் மலிவாகக் கிடைக்கும் பளபளப்பான டப்பாக்கள் பலவற்றில் உள்ளே ஒன்றுமே இருக்காது. ஒரு ஓட்டையில் வந்த ஆவி அடுத்த ஓட்டையில் போய்விடும். மூடியைத் திறந்து உள்ளே தடுப்பும் ஸ்டீல் வலையும் இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். உள்வழி, வெளிவழி இரண்டின் துளையும் வண்டியின் பிரீதர் ஹோஸின் உள் விட்டத்துக்குக் குறையக் கூடாது. குறைத்தால் நீங்களே பிரீதரை அடைத்தது போலாகும். ஹோஸ் ஆயிலைத் தாங்கும் ரப்பராக இருக்க வேண்டும், தண்ணீர் ஹோஸ் ஊறி உப்பி உள்ளே சுருங்கிவிடும். டர்போவின் சூடான பக்கத்திலிருந்து தள்ளி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். இன்ஜினிலிருந்து டப்பாவுக்குப் போகும் ஹோஸ் எங்கேயும் தாழ்ந்து வளையாமல் ஒரே சரிவாக இருக்கட்டும். பிராக்கெட்டை மெல்லிய தகட்டில் போட்டால் நம் சாலை அதிர்வில் வெடித்துவிடும். லேத் பட்டறையில் கனமான பட்டையில் அடித்துக்கொள்ளுங்கள். அடியில் திருகு குழாய் அவசியம், கழற்றித்தான் காலி செய்ய வேண்டும் என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். காலி செய்யாத கேட்ச் கேன், கேட்ச் கேன் இல்லாததைவிட ஆபத்து. நிரம்பினால் மொத்தமாக ஒரு வாய் ஆயில் டர்போவுக்குள் போகும்.

ஆபத்து என்று ஏன் சொல்கிறேன் என்றால், டீசல் இன்ஜின் ஆயிலையும் எரிபொருளாக எரித்து ஓடும். இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலோ, டப்பாவிலிருந்து பொங்கிய ஆயிலோ உள்ளே போனால் சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போய் இன்ஜின் வெடித்துவிடலாம். அப்படி நடந்தால் வண்டியை மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக அழுத்தி, கிளட்சை விட்டு அமுக்கி நிறுத்தப் பாருங்கள். காற்று உள்ளே போகும் வாயைத் தட்டையான பலகையால் அடைத்தும் நிறுத்தலாம், கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது. இன்ஜின் ஏற்கெனவே கட்டுமீறிக் கத்துகிறது என்றால் பக்கத்தில் போகாமல் விலகி நில்லுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டியாக இருந்தால் என் கருத்து, எதையும் சேர்க்காதீர்கள். அவற்றில் பலவற்றில் கம்பெனியே ஆயில் பிரிப்பான் வைத்திருக்கிறது. வகையைப் பொறுத்து, அதற்கு மாற்ற வேண்டிய ஃபில்டரும் இருக்கும். சர்வீஸ் புத்தகத்தில் அதன் கெடுவைப் பார்த்து மாற்றுங்கள், நிறைய பேர் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஓட்டுகிறார்கள். பிரீதரைக் கழற்றி வெளியே விட்டால் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு எதிரானது, வாரன்டியும் போகும், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று வாங்கும்போதும் கேள்வி வரும். இந்த வண்டிகளில் டி.பி.எஃப். (சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) கரியை எரிக்கும் வேலை குறுந்தூர ஓட்டத்தில் பாதியில் நின்று நின்று, டீசல் ஆயிலில் கலப்பதும் உண்டு. டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறி டீசல் வாடை அடித்தால் அதுதான். பி.எஸ்.3, பி.எஸ்.4 வண்டிகளில், பிரீதர் டர்போ வாய்க்குத் திரும்பும் அமைப்பு இருந்தால், நல்ல கேட்ச் கேன் பயனுள்ளது. வெளிவழியைத் திரும்பப் பழைய இடத்திலேயே இணைக்க வேண்டும்.

மாட்டியபின் அதில் சேருவதைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு கேட்ச் கேனில் மிகப் பிடித்த பயன் அதுவே. பனிக்காலத்தில் அடியில் கலங்கிய தண்ணீரும் மேலே கறுப்பு ஆயிலும், நடுவில் வெளுப்பும் இருந்தால் இயல்பு. கோடையில் தண்ணீர் அநேகமாக இல்லாமல் போக வேண்டும். சித்திரை வெயிலிலும் தண்ணீர் சேர்ந்தால் கூலன்ட் கசிவைத் தேடுங்கள். தண்ணீரில் பச்சை, சிவப்பு என்று கூலன்டின் நிறமோ, தித்திப்பான வாடையோ இருந்தால் சந்தேகமே வேண்டாம். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், கூலன்ட் விஷம். ஒவ்வொரு மாதமும் சேரும் ஆயில் கூடிக்கொண்டே வந்தால் ரிங், கம்ப்ரஸர், டர்போ, ஏர் ஃபில்டர் நாலில் ஒன்று பேசுகிறது. முதல் சில வாரங்கள் வாரத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள், உங்கள் வண்டியின் அளவு தெரிந்தபின் நாளைத் தள்ளிக்கொள்ளலாம். மார்கழி, தையில் மட்டும் தள்ளாதீர்கள்.

உங்கள் வண்டிக்கு நான் சொல்வது இது. தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இல்லையென்றால் சரியான டிகிரி உள்ளதை வாங்கிப் போடுங்கள். பிரீதர் ஹோஸைக் கழற்றிக் கழுவுங்கள், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது லோடோடு கிருஷ்ணகிரி வரையோ ஓசூர் வரையோ நிற்காமல் போய் வாருங்கள், ஆயில் காயட்டும். கூலன்ட் மட்டம் அசையாமல் இருந்து, இரண்டு மூன்று வாரத்தில் மூடியின் படிவு குறைந்தால் ஹெட் கேஸ்கட் பேச்சே வேண்டாம். அதற்குப் பிறகும் டர்போ வாய்க் குழாயில் ஆயில் ஈரம் அதிகமாகத் தெரிந்தால், அப்போது கேட்ச் கேன் மாட்டுங்கள்.

கேனில் சேர்ந்த ஆயிலைத் தெளிய வைத்துத் திரும்ப இன்ஜினில் ஊற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஊற்றவே கூடாது. தண்ணீர் பிரிந்தாலும் அமிலமும் டீசலும் கரியும் அதில் கரைந்தே இருக்கும். தோட்டத்து ஓரத்திலோ கால்வாயிலோ கொட்டவும் கூடாது, கொஞ்சம் ஆயில் கிணற்றில் இறங்கினாலே தண்ணீர் பாழ். பழைய ஆயில் டின்னில் சேர்த்து வைத்து, சர்வீஸின்போது இறக்கும் கழிவு ஆயிலோடு சேர்த்து, அதை முறையாக வாங்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.